கோயில் முக்காடு

ஈர லேஞ்சியால் ஒரு பிள்ளையின் நெற்றியைத் துடைக்க இரண்டு நொடி போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினாறு வருஷம் அந்த வேலையைச் செய்தவள் நான். பெயர் மார்ஜரி. மாத்தளை டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் தையல் டீச்சராக இருந்தேன். தையல் டீச்சர் என்றால் தையலோடு முடிகிற வேலையில்லை. காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பிள்ளைகளின் சீருடையைச் சோதிப்பதையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள். இங்கிலிஷும் கணக்கும் படித்துக்கொடுக்கிறவர்களுக்கு அதற்கு நேரமில்லையாம்.

விறாந்தைச் சுவரில் பதினொரு விதிகள் கண்ணாடி போட்டுத் தொங்கின. வெள்ளைப் பொப்ளின் கவுன், முன்னால் நாலு மடிப்பு. முழங்கால் போட்டு நின்றால் கவுனின் ஓரம் தரையைத் தொடவேண்டும். பொட்டு, திருநீறு கூடாது. தாயத்துக் கூடாது. சிங்களப் பிள்ளைகள் கையில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூலோடு வரக்கூடாது. வீட்டு வாசலில் தொடங்கித் திரும்ப வீட்டு வாசல் வரைக்கும் சீருடைதான். வழியில் அதோடு எதையும் சேர்க்கவும் கூடாது, அதிலிருந்து எதையும் கழற்றவும் கூடாது. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு பிரிபெக்ட் பிள்ளை கொப்பியோடு இருப்பாள். விதி மீறியவர்களின் பெயரை எழுதி வந்து என்னிடம் கொடுப்பாள்.

நான் அந்த விதிகளை மனசார நம்பினேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகளும், வளவும் நிலமும் உள்ள சிங்களவரின் மகளும், கடைவீதி முஸ்லிம் பிள்ளையும், பறங்கிப் பிள்ளையும் ஒரே துணியில், ஒரே மடிப்பில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். சந்திரகாந்தா என்றொரு பிள்ளை. ஒருநாள் அவள் நெற்றியில் திருநீற்றைத் துடைத்தபோது அழுதாள். அன்றைக்கு அவள் அப்பாவின் திவசம், அம்மா பூசி அனுப்பியதாம். நல்லதாய்ப் போயிற்று, அழுதால் முகம் தானாகக் கழுவப்பட்டுவிடும் என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது.

ஜெஸீமா, பலாபத்வலையில் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிற ஸெய்னுலாப்தீனின் மூத்த மகள். தையலில் அவளைப்போல ஒரு மக்கை நான் கண்டதில்லை. ஊசியைக் கொடுத்தால் துணியை விட்டுவிட்டு விரலைத் தைப்பாள். ஒருநாள் ஆறு கவுன் வெட்டுவதற்குத் துணியை எப்படி விரிப்பது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். இவள் எழும்பி, கவுன் கைக்கு வெட்டுகிற துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் ஒன்றேகால் யார் அளவுக்குத் துணி மிஞ்சும் டீச்சர் என்றாள். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னேன். பின்னேரம் வீட்டில் பழைய பேப்பரை விரித்து வெட்டிப் பார்த்தேன். ஒன்றேகால் யார் சரியாக மிஞ்சியது.

எஸ்.எஸ்.சி. சோதனையில் கணக்குப் பாடத்தை இரண்டு தரம் கோட்டைவிட்டுவிட்டுத் தையலுக்கு வந்து சேர்ந்தவள் நான். அன்றோடு எனக்கு அந்தப் பிள்ளைமேல் பைத்தியம் பிடித்தது. வேறு சொல் தெரியவில்லை. அவள் எஸ்.எஸ்.சி. எழுதவேண்டும், கணக்கில் நல்ல புள்ளியோடு திறமைச் சித்தி எடுக்கவேண்டும், பயிற்சிக் கல்லூரிக்குப் போய்க் கணக்கு டீச்சராக வரவேண்டும் என்று அவளைக் கேட்காமலே நான் முடிவுகட்டிவிட்டேன். பிறகு கேட்டபோது, அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பலாபத்வலைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளைகூட அந்தச் சோதனைக்கு உட்கார்ந்ததில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் தொடக்கத்தில் ஜெஸீமா பெரிய பிள்ளையானாள். பள்ளிக்கூடத்துக்கு வருவது நின்றுவிட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸெய்னுலாப்தீனுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். அவர் வந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் என்று உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே, தொப்பியைச் சரிசெய்தபடி நின்றார். மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

“படிக்க வேணான்னு நான் சொல்லல டீச்சர். ஸ்கூலுக்குள்ள பொம்புளைங்க மட்டுந்தானே, அங்க எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ரோட்டுல, பஸ்ஸுல தலைய மூடாமப் போக ஏலாது. அத மட்டும் பாத்துக் குடுங்க, நாளைக்கே அனுப்புறேன்.”

இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் தலைவியான மதரிடம் போனேன். மதர் அயர்லாந்துக்காரி. வாய் அதிராமல் இங்கிலிஷில் ஏழெட்டுச் சொல்லில் கதையை முடித்துவிடுவார். இன்றைக்கு இவளுக்கு முக்காடு என்றால் நாளைக்கு அவளுக்குப் பொட்டு, மறுநாள் இன்னொருத்திக்கு நூல். பிறகு சுவரில் தொங்குகிற விதிகளைக் கழற்றி அடுப்பில் போடவேண்டியதுதான் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. மற்றப் பிள்ளைகள் விஷயத்தில் நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தப் பிள்ளை என்று வந்ததும் எனக்கு அது பொறுக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் விறாந்தையில் அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நின்றபோது ஏழாவதில் கண் நின்றது. கோயிலுக்குப் போகும் நாட்களில் வெள்ளை முக்காடும் சீருடையில் சேர்த்தி என்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் கத்தோலிக்க ஆட்கள் தலையை மூடாமல் பூசைக்குப் போவதில்லை. பள்ளிக்கூடத்துக் கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி நிறைய முக்காடுகள் கிடக்கும். முக்காட்டை மறந்துவிட்டு வருகிற பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் ஒரு பிள்ளை அதைப் போட்டிருந்தால், பார்க்கிறவர்கள் பூசைக்குப் போகிறாள், இல்லையென்றால் பூசை முடிந்து வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்.

பெட்டியில் இருந்து நல்லதாக ஒன்றை எடுத்தேன். வலைத்துணியில் முடி தெரியும் என்பதால் உள்ளே மெல்லிய மல் துணி வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு முக்காட்டின் மூலையிலும் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு குருசு தைத்திருக்கும், துணி தொலைந்துபோகாமல் இருக்க என் வகுப்புப் பிள்ளைகளே தைத்தது. இதிலிருந்த குருசை மட்டும் ஊசி நுனியால் அவிழ்த்தெடுத்தேன். ஜெஸீமாவிடம் கொடுத்து, கேட்டுக்கு வந்ததும் கழற்றிப் புத்தகப் பையில் வைத்துக்கொள், பின்னேரம் கேட்டில் வைத்துப் போட்டுக்கொள் என்றேன். வாப்பா கேட்டால் என்ன சொல்வது என்றாள். டீச்சர் தையல் ரூமில் வைத்துத் தைத்துத் தந்தது என்று சொல், அது பொய்யில்லை என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

அப்படியே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது. பலாபத்வலை வழியாகப் போகிற தம்புள்ளைப் பஸ்ஸுக்கு அந்த வருஷங்களில் பிரிபெக்ட்டாக இருந்தவள் சந்திரகாந்தா. ஜெஸீமா எந்தக் கோயிலுக்கும் போகாதவள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருநாள்கூட அவள் கொப்பியில் ஜெஸீமாவின் பெயர் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கவுமில்லை.

ஐம்பத்தைந்து ஆவணியில் சோதனைக்குப் பெயர்கள் அனுப்பினார்கள். ஜெஸீமாவின் பெயரும் போயிற்று. டிசம்பர் முதல் கிழமை சோதனை. கலேவெலவில் பிடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் இருந்து அவளைப் பெண் கேட்டு வந்திருப்பதாகவும், டிசம்பர் முடியட்டும் என்று வாப்பா நிறுத்தி வைத்திருப்பதாகவும் ஒருநாள் சொன்னாள். சித்தி எடுத்துவிட்டால் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்ப வாப்பா சம்மதிப்பார் என்றாள். சித்தி எடுக்காவிட்டால் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐப்பசி மாதத்தில் காரியம் கெட்டது. கெடுத்தது கெட்ட எண்ணமுள்ளவர் ஒருவருமில்லை. பங்குக் கோயிலில் பீடத்துணி துவைக்கிற மதலேனாக்கா உறவுவீட்டுக்குப் போய்விட்டுத் தம்புள்ளைப் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறாள். ஜெஸீமாவை முக்காடும் சீருடையுமாகக் கண்டிருக்கிறாள். மறுநாள் மதரைப் பார்த்து, பலாபத்வலைச் சோனகப் பிள்ளை எப்போது ஞானஸ்நானம் எடுத்தது, எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிஷில் சந்தோஷமாகக் கேட்டிருக்கிறாள்.

மதர் என்னையும் ஜெஸீமாவையும் ஒபீஸுக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்த முக்காடு கிடந்தது. மதர் அதன் மூலையை விரலால் தடவினார். குருசை அவிழ்த்த இடத்தில் ஊசித் துளைகள் அப்படியே குருசாக நின்றன. அது எங்கிருந்து வந்த துணி என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்க வழியில்லை. யார் கொடுத்தது என்று கேட்டார். ஜெஸீமாவைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

என் நாக்கு எழும்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வேறு ஒரு நியாயமும் இல்லை. கல்யாணம் கட்டாதவள், படுக்கையில் கிடக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வீட்டில் குடியிருந்தவள், வயது நாற்பது. இவையெல்லாம் என் வாயை அடைத்தன. அப்போது ஜெஸீமா பேசினாள். நான்தான் எடுத்தேன், தையல் அலுமாரியில் இருந்தது, டீச்சருக்குத் தெரியாது என்று இங்கிலிஷில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். தையல் அலுமாரியா என்று மதர் கேட்டார். ஆமாம் மதர் என்றாள். மதர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சரி, அப்படியென்றால் இது தையல் அலுமாரித் துணி என்று சொல்லி, அதை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

மதர் ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

அடுத்த நாள் ஸெய்னுலாப்தீன் வந்தார். மதருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்த்தவள் நான். உங்கள் மகள் தையல் அலுமாரியில் இருந்து கேட்காமல் ஒரு துணி எடுத்திருக்கிறாள் என்று மதர் சொன்னதை என் வாயாலேயே அவருக்குத் தமிழில் சொன்னேன். மனிதர் தலை குனிந்து நின்றார். என்ன துணி, எதற்கு என்று கேட்டார். தலைக்குப் போட்டுக்கொள்ள என்றேன். நான் முதலில் தைத்துக் கொடுத்தது பழசாகி இன்னொன்று எடுத்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார் போலும். அவர் முகத்தில் வெட்கம் அப்படியே இருந்தது, அதோடு வேறொன்றும் சேர்ந்து வந்தது.

“எடுத்தது தப்பு. அதுக்கு வீட்டுல குடுக்க வேண்டியத குடுப்பேன். ஆனா டீச்சர், எடுத்த காரணம் தப்பில்ல.”

இதை மதருக்குச் சொன்னேன். மதர் தலையசைத்தார். இந்தத் தவணை முடியும்வரை பிள்ளை வகுப்புக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்து படிக்கட்டும், பெயர் அனுப்பியாகிவிட்டதால் டிசம்பரில் வந்து சோதனை எழுதலாம் என்றார். ஸெய்னுலாப்தீன் இரண்டு கையாலும் ஸலாம் சொன்னார். சோதனை நாட்களில் தன்னுடைய அண்ணன் ஜவாஹிரின் காரில் தானே கூட்டிவந்து தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். பஸ்ஸும் இல்லை, ரோட்டும் இல்லை, முக்காட்டுப் பிரச்சினையே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது. உண்மையாகவே எல்லாம் சரியாகித்தான் இருந்தது. நான் மட்டும் சும்மா இருந்திருந்தால் போதும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டீச்சர்மாரின் ரூமில் அவளைக் கள்ளி என்றார்கள். கணக்கில் கெட்டிக்காரி, கையிலும் கெட்டிக்காரி என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் கத்தரிக்கோல் காணாமற்போனபோது, ஜெஸீமாதான் இப்போது வருவதில்லையே டீச்சர் என்று இன்னொரு பிள்ளை சொன்னது. பதினாறு வயதுப் பிள்ளை எனக்காகக் கள்ளிப் பட்டம் சுமக்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. எனக்காக என்றுதான் நான் நினைத்தேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பங்குக் குருவான சுவாமி பொறுமையாகக் கேட்டார். ஒருவரின் நல்ல பெயரைப் பறித்துவிட்டு மன்னிப்பு மட்டும் கேட்டால் போதாது மகளே, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார். யாரிடம் போய் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. மதரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். ஸெய்னுலாப்தீனிடம் சொன்னால் வேலை போகாது, சுவாமி சொன்னதைச் செய்ததாகவும் ஆகும். அப்போது இதை இவ்வளவு பச்சையாக நான் நினைக்கவில்லை. ஆனால் என் கால் மதரின் ஒபீஸுக்குப் போகவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போயிற்று.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பலாபத்வலைக்குப் பஸ் ஏறினேன். ரோட்டோரத்தில் கடை, கடைக்குப் பின்னால் வீடு. முற்றமெல்லாம் பாயில் மிளகு காய்ந்தது. ஸெய்னுலாப்தீன் ஓடிவந்து கூட்டிப்போனார். உள்ளே அவருடைய அண்ணன் ஜவாஹிர் கதிரையில் இருந்தார்; பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறவர், தடித்த கண்ணாடி, வெள்ளைத் தாடி. ஜெஸீமாவின் உம்மா ஹமீமா திரைக்குப் பின்னால் நின்று, டீச்சருக்குக் கை கால் வலிக்கிறதா, இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று விசாரித்தார். மேசையில் கணக்குப் புத்தகம் விரித்துக் கிடந்தது. விடிந்தால் பொழுதுபட்டால் இதோடுதான் இருக்கிறாள், கலேவெலக்காரர்களையும் டிசம்பருக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டேன் என்று ஸெய்னுலாப்தீன் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் அண்ணனை ஒருதரம் பார்த்துக்கொண்டார். அண்ணனும் சிரித்தார்.

ஜெஸீமா தேத்தண்ணியோடு வந்தாள். விரலில் மை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன், அந்தத் துணி விஷயம் என்று நான் தொடங்கியதும் அவள் முகம் மாறியது.

“டீச்சர், பன்னெண்டு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது மூணு மணிக்குத்தான்,” என்றாள்.

போனால் போகட்டும் என்றேன். அவள் கோப்பையை என் கையில் தந்துவிட்டு அங்கேயே நின்றாள். அந்தக் கதை முடிந்துபோயிற்று டீச்சர், அதை விடுங்கள் என்றாள். திரைப்பக்கம் போகவில்லை. என் கண்ணையே பார்த்துத் தலையை இலேசாக, இல்லை என்று அசைத்தாள். நான் அதைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள், எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணீரோடு முழுவதையும் சொன்னேன்.

உங்கள் மகள் கள்ளியில்லை என்றேன். துணியை எடுத்துக் கொடுத்தவள் நான், தைத்தவள் நான், மதர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றவளும் நான் என்றேன். அது தையல் அலுமாரியில் இருந்த துணியே இல்லை, எங்கள் கோயில் பெட்டியில் இருந்தது என்றேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

ஜவாஹிர்தான் முதலில் கேட்டார். குரல் உயரவில்லை.

“கோயில்ல, ஒங்க புள்ளைங்க பூசைக்குப் போட்டுட்டுப் போற துணியா டீச்சர்?”

“ஆமாங்க. ஆனா அதுல இருந்த குருச நான் அவுத்துட்டுத்தான் குடுத்தேன்.”

இதை நான் ஒரு நல்ல காரியமாக நினைத்துச் சொன்னேன். அவர்கள் மார்க்கத்துக்கு மரியாதை செய்ததாக நினைத்துச் சொன்னேன். ஜவாஹிர் கண்ணாடியைக் கழற்றினார். ஸெய்னுலாப்தீன் மேசையில் கிடந்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எம் மக ஒரு துணிய எடுத்துட்டான்னு ஊருக்கு நானே சொன்னேன் டீச்சர். தலைய மூடத்தானே எடுத்தான்னு எல்லாரும் விட்டுட்டாங்க. பள்ளிவாசல்ல சிரிச்சாங்க கூட. இப்ப நீங்க வந்து, அவ எடுக்கல, நாங்கதான் எங்க கோயில் துணிய அவ தலையில போட்டோம்னு சொல்றீங்க. இத நான் எங்க கொண்டு போய் சொல்லுவேன்?”

எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. மதத்துக்காக நான் அதைச் செய்யவில்லை என்றேன். பிள்ளையின் படிப்புக்காக, நீங்கள் கேட்டபடி தலையை மூடி அனுப்புவதற்காகத்தான் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை நம்பவும் செய்தார் என்றுதான் நினைக்கிறேன். நம்பினாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் மதலேனாக்கா பஸ்ஸில் பார்த்துவிட்டு ஞானஸ்நானம் என்று நினைத்தாள் என்றால், அவளைப்போல அந்தப் பஸ்ஸில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், என்ன நினைத்திருப்பார்கள் என்று ஜவாஹிர் கேட்டார். மதலேனாக்கா கேட்டதைக்கூட நானே அல்லவா அவரிடம் சொல்லியிருந்தேன். கலேவெலக்காரர்களின் காதுக்கு இது போவதற்கு முன்னால் கல்யாணக் காரியத்தை முடித்துவிடவேண்டும் என்று அவர் தம்பியிடம் சொன்னார். அடுத்த வெள்ளி என்றார். அதற்கு அடுத்த வெள்ளி என்று தம்பி மெல்லச் சொன்னார். சோதனை எழுதட்டும், சோதனையை மட்டும் எழுத விடுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

“அந்த வாசல மிதிக்க வேணாம் டீச்சர்,” என்றார் ஸெய்னுலாப்தீன். “நீங்க தேத்தண்ணி ஆறுறதுக்கு முன்ன குடிங்க.”

நான் குடித்தேன். ஒரு மரியாதைக் குறைவும் அவர்கள் செய்யவில்லை. ஹமீமா ஒரு போத்தல் தேனைத் துணியில் சுற்றி வெளியே நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருப்பது எப்படி என்று தெரியவில்லை. பன்னிரண்டு மணி பஸ் போய்விட்டிருந்தது. கடையின் பக்கத்துச் சந்தால் ரோட்டுக்கு இறங்கியபோது பின்னால் காலடி கேட்டது. என் குடையை மறந்துவிட்டு வந்திருந்தேன். ஜெஸீமா அதைக் கொண்டுவந்தாள். அழுத முகமில்லை. கணக்குப் பிழைத்த பிள்ளையிடம் எங்கே பிழைத்தது என்று கேட்கிற டீச்சர் மாதிரி என்னைப் பார்த்தாள்.

“நான் கள்ளியாவே இருந்திருப்பேனே டீச்சர்,” என்றாள். “மதருக்கு எல்லாம் தெரியும். சந்திரகாந்தாவுக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் தொறக்கல. இன்னும் மூணு கிழமைதானே இருந்திச்சு. ஒங்களுக்கு மட்டும் ஏன் தாங்க ஏலாமப் போச்சு?”

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். மூன்று மணி வரை ரோட்டோரத்தில் நின்றேன். மதர் ஏன் தையல் அலுமாரி என்ற சொல்லை அப்படிப் பிடித்துக்கொண்டார், ஜெஸீமா ஏன் கோயில் பெட்டி என்று சொல்லவில்லை என்பதெல்லாம் அங்கே நின்றபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவள் என்னைக் காப்பாற்றவில்லை. தன் சோதனையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். திருட்டு வீட்டோடு தீர்ந்துபோகும், கோயில் தீராது என்று அந்தச் சின்ன வயதில் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்குத் தெரிந்த பிள்ளை.

திங்கட்கிழமை மதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்த மனிதரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். அவர் ஸெய்னுலாப்தீனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார், நான் அதைத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். பதில் வரவில்லை. மதர் என்னை வேலையில் இருந்து நிறுத்தவுமில்லை. மறுநாள் காலையிலும் வழக்கம்போல நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். லேஞ்சியை நனைக்கவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்.

டிசம்பரில் சோதனை தொடங்கியது. முதல் நாள் முதல் பாடமே கணக்கு. ஜெஸீமாவின் நிக்காஹ் சொன்ன வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டதாக அதற்குள் கேள்விப்பட்டிருந்தேன். என்றாலும் மண்டபத்தில் அவள் மேசையில் இலக்கத்தை ஒட்டச் சொன்னேன். பென்சிலும் கோடு போட அடிமட்டமும் வைத்தேன். பிந்தி வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் கேட்டைத் திறந்து வைத்திருக்கவேண்டும் என்பது சோதனை விதி. அன்றைக்குக் கேட் பொறுப்பு எனக்கு. வெளியே ரோட்டில் போய் நின்று தம்புள்ளைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கறுப்புக் கார் வந்தது, நிற்கவில்லை. ஒரு பஸ் வந்தது, தலைக்குச் சேலை போட்ட ஒரு கிழவியும் இரண்டு கூடையும் இறங்கின. இன்னொரு பஸ் வந்து, நிற்காமலே போயிற்று.

அரை மணி முடிந்ததற்கு மண்டபத்தில் மணி அடித்தார்கள். உள்ளே வந்து கேட்டைச் சாத்தினேன்.